முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் நடுவே மூன்று மாதம்

மே மாதத் தொடக்கத்தில் முதலாண்டின் கடைசித் தேர்வை எழுதி முடித்த அன்று நான் செய்தது இதுதான். தேக்காவில் இறங்கி ஒரு பிரியாணி சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் குறிப்பேடு, அச்செடுத்த விரிவுரைத் தாள், டியூட்டோரியல் விடைகள் என எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்தேன். அந்த வாரமே பழைய தாள் வாங்கும் காராங்கூனிக்காரர் வந்து எடுத்துப் போய்விட்டார். மனசு லேசானது.

முடிவு வந்தபோது புள்ளியியலில் சி பிளஸ். "ஏன்?" என்று அப்பா கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் இருந்த தாள்கள் எடைக்குப் போய்விட்டன.

இந்த ஆண்டு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டை முடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் பாடம் மறுபடி தொடங்கும்வரை ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. இரண்டாமாண்டுப் பாடங்களை இப்போதே தரவிறக்கி வைத்துக்கொண்டு முன்கூட்டிப் படிக்கத் துடிப்பவர்கள் ஒரு பக்கம், தேசிய தினம் வரை பேனாவைத் தொடாதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் நான் செய்து பார்த்துவிட்டேன். முன்கூட்டிப் படித்ததில் பாதி செப்டம்பருக்குள் மறந்துபோனது, ஏனென்றால் படித்த முறை பழையதுதான். விடுமுறையில் சரிசெய்ய வேண்டியது அந்த முறையை. அதற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு பதிவு

தேர்வு முடிந்து பத்து நாள் வரை எதுவும் செய்யாதீர்கள். தூங்குங்கள், ஜோகூருக்குப் போய் வாருங்கள். ஆனால் எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

பதினொன்றாம் நாள் கைப்பேசியில் குரல்பதிவைத் திறந்து, ஒவ்வொரு பாடத்தையும் பற்றி மூன்று நான்கு நிமிடம் பேசுங்கள். எந்த வாரத்தில் பிடி நழுவியது? அப்போது யாரிடம் கேட்டேன், அல்லது ஏன் கேட்கவில்லை? தேர்வுக்கு முந்தைய மூன்று இரவுகள் எப்படிப் போயின? வினாத்தாளில் என்னைத் திகைக்க வைத்தது எது? தமிழிலேயே பேசுங்கள், நமக்கு நாமே பொய் சொல்வது வீட்டு மொழியில் கொஞ்சம் கடினம்.

இதை முடிவு வெளியாவதற்குள் செய்துவிட வேண்டும். ஏ வந்துவிட்டால் நாம் செய்ததெல்லாம் சரி என்று தோன்றும், கடைசி இரவில் படித்ததுகூட ஒரு திறமையாகத் தெரியும். பி மைனஸ் வந்தால் எல்லாமே தவறாகத் தெரியும். மதிப்பெண் கையில் வந்தபின் நினைவு அதற்கேற்றபடி வளைந்து கொடுக்கும்.

பதின்மூன்று வாரத்தை ஒரே தாளில் வரையுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பருவத்தில் 13 கற்பித்தல் வாரங்கள், நடுவில் ஆறாம் ஏழாம் வாரத்தை ஒட்டி ஒரு வார இடைவேளை. ஒரு பெரிய தாளில் 13 கட்டம் போட்டு, பாடத்துக்கு ஒரு வரிசை வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரம் அந்தப் பாடத்துக்குச் செலவான நேரத்தை எழுத வேண்டும். "எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று கேட்பீர்கள். உங்களுக்கு இருக்காது, உங்கள் கருவிகளுக்கு இருக்கும்.

எதை எதைப் பார்க்கலாம் என்றால்: பாடத்தளத்தில் ஒப்படைப்புகளைப் பதிவேற்றிய நேரம், மடிக்கணினியில் கோப்பு ஒவ்வொன்றும் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, வாட்ஸ்அப் குழுவில் "இந்த மூணாவது கேள்வி யாருக்காவது புரிஞ்சுதா?" என்று கேட்ட நாள், நாட்காட்டி, பகுதிநேர வேலைக்குப் போன நாள்களின் சம்பளக் கணக்கு. என் தாள்கள் போய்விட்டாலும் இவையெல்லாம் மிச்சமிருந்தன. உட்கார்ந்து பார்த்தேன். புள்ளியியல் வரிசையில் முதல் ஐந்து கட்டமும் ஏறக்குறைய காலி. விரிவுரைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். இடைவேளை வாரம் முழுவதையும் வேறொரு பாடத்தின் குழுத் திட்டப்பணி விழுங்கியிருந்தது. இரவு 11.59 கெடு என்றால், என் ஒப்படைப்புகளில் பெரும்பாலானவை 11.40க்குப் பிறகு போயிருந்தன. "நான் எப்போதும் படித்துக்கொண்டேதான் இருந்தேன்" என்று அம்மாவிடம் சண்டை போட்டவள் நான். அந்தத் தாளைப் பார்த்தபின் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

கட்டங்களை எதோடு ஒப்பிடுவது? தேசியப் பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. அப்படியானால் 4 யூனிட் பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம், விரிவுரையும் டியூட்டோரியலும் சேர்த்து. வகுப்பு நான்கு மணி நேரம் என்றால் மிச்சம் ஆறு மணி நேரம் நம்முடையது. ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 50 மணி நேரம். முதலாண்டில் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களில் உள்ளவர்கள் தங்கள் பாடத்திட்டக் குறிப்பில் இதற்கு இணையான எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அந்த ஆறு மணி நேரமும் எல்லா வாரமும் கிடைக்காது, யாருக்கும் கிடைப்பதில்லை. நீங்கள் தேட வேண்டியது, எந்த வாரத்தில் ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டையை எது போட்டது என்பதை. குழுத் திட்டப்பணியா, இணைப்பாட நடவடிக்கையா, டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போனதா, வெறும் சோம்பலா? என் தாளில் நான்கும் இருந்தன.

போன மதிப்பெண்ணை நான்கு கூடையில் போடுங்கள்

அடுத்தது, இழந்த மதிப்பெண்களைப் பிரிப்பது. இறுதித் தேர்வுத் தாள் பொதுவாகக் கைக்குத் திரும்பாது. ஆனால் இடைப்பருவத் தேர்வு, வினாடிவினா, கட்டுரைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இவை போதும். ஒவ்வொரு தவறையும் நான்கில் ஒன்றில் போடுங்கள்.

முதல் கூடை, பாடமே தெரியாது. இரண்டாவது, தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை. மூன்றாவது, கேள்வி கேட்டது ஒன்று, நான் எழுதியது வேறொன்று. நான்காவது, நேரம் போதவில்லை.

நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதல் கூடை நிறைந்தால் வாரக் கட்டங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது நிறைந்தால் மனத்திலிருந்து எடுத்து எழுதும் பயிற்சி போதவில்லை. மூன்றாவது நிறைந்தால் 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக', 'விளக்குக' என்பவற்றுக்கு உள்ள வேறுபாட்டை நீங்கள் மதிக்கவில்லை. நான்காவதுக்குக் கடிகாரத்தை வைத்துப் பழைய தேர்வுத்தாள் எழுதுவதைவிட நல்ல மருந்து கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் பழைய தாள்கள் கிடைத்தால் விடுமுறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் கூடைதான் நிறையும் என்று நினைத்திருந்தேன். நிறைந்தது இரண்டாவது. அது எனக்குப் பெரிய அதிர்ச்சி, ஆறுதலும்கூட.

கூடையில் போட முடியாத அளவுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் டியூட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "எனக்கு ஏன் பி மைனஸ்?" என்று கேட்டால் அது முறையீடு போலத் தொனிக்கும், பதிலும் விதிமுறை போலவே வரும். "என் இரண்டாவது கட்டுரையில் வாதம் எந்த இடத்தில் பலவீனமானது, அடுத்த ஆண்டு நான் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று என்ன?" என்று கேளுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் ஆசிரியர்கள் மாநாடு, பயணம் என்று கிளம்பிவிடுவார்கள். சீக்கிரம் அனுப்புவது நல்லது.

எங்கிருந்து வந்தீர்கள்?

இதை ஒரு படியாகச் சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. தொடக்கக் கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்குப் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பைக் கரைத்துக் குடிப்பதுதான் படிப்பு. ஆசிரியர் துரத்தித் துரத்தி வேலை வாங்குவார். பல்கலைக்கழகத்தில் துரத்த ஆள் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்தவர்கள் திட்டப்பணியிலும் படைப்பிலும் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிடுவார்கள், ஆனால் நீண்ட எழுத்துத் தேர்வும் கணிதமும் தடுக்கும். தேசிய சேவையில் இரண்டாண்டு இருந்துவிட்டு வந்த தம்பிகளுக்குப் பேனா பிடிப்பதே புதிதாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள், டியூட்டோரியலில் வாயைத் திறக்கத்தான் தயங்குவார்கள். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உள்ள பாடங்களில் அந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு.

இவை எல்லாம் பழக்கம். மூளையின் அளவோடு இதற்குத் தொடர்பில்லை. உங்கள் கூடைகளைப் பார்க்கும்போது இந்தப் பின்னணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதிகம் போனால் இரண்டு

இந்த இடத்தில்தான் எல்லோரும் இடறுவார்கள். காலை ஐந்து மணிக்கு எழுவேன், நான்கு செயலி பதிவிறக்குவேன், புதுக் குறிப்பு முறை கற்பேன் என்று பட்டியல் நீளும். ஜூன் பத்தாம் தேதிக்குள் எல்லாம் காணாமல் போகும்.

எந்த ஒன்று என்று தெரியாவிட்டால் என் பரிந்துரை: புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. இதற்குப் பின்னால் நல்ல ஆய்வு இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள், சிலர் ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடம்தான். படித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்தது போலிருக்கும், புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவோம்.

2013இல் டன்லாஸ்கியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பத்து வகைப் படிப்பு உத்திகளை அலசினார்கள். தன்னைத் தானே சோதிப்பதும், படிப்பை நாள்களில் பரப்பி வைப்பதும் அதிகப் பயன் தருபவை என்றார்கள். கோடிடுவதையும் மறுவாசிப்பையும் குறைந்த பயன் தருபவை என்று கீழே வைத்தார்கள். நான்கு நிறத்தில் மை பூசிய என் விரிவுரைத் தாள்களை நினைத்துக்கொண்டேன். காராங்கூனிக்காரருக்காவது பயன்பட்டிருக்கட்டும்.

சின்னதாக ஒன்றை வைத்து ஒத்திகை பாருங்கள்

ஒத்திகை பார்க்காமல் யாரும் மேடை ஏறுவதில்லை. புதுப் பழக்கத்தைப் பருவம் தொடங்கியபின் பழகினால், முதல் கெடு வந்ததும் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடுமுறையில் கெடு இல்லை, அதனால்தான் இப்போது.

இரண்டாமாண்டுப் பாடம் எதன் மேல் நிற்கிறதோ அந்த முதலாண்டுத் தலைப்பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் முழுவதும் வேண்டாம், ஓர் அத்தியாயம் போதும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், ஆறு வாரம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை நான் எடுத்தேன், மானம் போன இடம் அதுதான்.

செய்முறை இப்படி. முதலில் வெற்றுத் தாளில் அந்தத் தலைப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுதுங்கள். வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள், ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். பதினைந்து நிமிடம் ஆனபின் திறந்து பாருங்கள், விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வெற்றுத் தாள். பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு மூன்று வாரம் கழித்து. இடைப்பட்ட நாள்களில் அதே தலைப்பில் கணக்கு போடுங்கள் அல்லது கேள்விக்குப் பதில் எழுதுங்கள். தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். சிவப்பு குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை தாள் பாதிக்கு மேல் சிவந்துவிடும், அதற்காகப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

இதோடு நமக்கு மட்டுமே வாய்த்த ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். "பஸ் சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுப்பா. ஒரு ஸ்டாப்ல ஒன்பது, பத்து, பதினொண்ணுன்னு வருது. இன்னொரு ஸ்டாப்ல ரெண்டு, பத்து, பதினெட்டுன்னு வருது. சராசரி ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது ஸ்டாப்ல நிக்கறவங்க திட்டுவாங்க. அந்தத் திட்டைத்தான் அளக்கறோம்" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. சராசரியிலிருந்து உள்ள தூரத்தை வர்க்கமாக்க வேண்டும் என்று சொன்னேன். "ஏன்?" என்றார். "கூட்டலும் கழித்தலும் அடிச்சுக்கிட்டுப் பூஜ்ஜியம் ஆயிடும்ப்பா." அவர் யோசித்துவிட்டு, "அப்ப கழித்தல் குறியைத் தூக்கிட்டுக் கூட்டினா போதாதா? எதுக்கு வர்க்கம்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு பருவம் முழுக்கச் சூத்திரத்தைப் போட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி ஒருமுறைகூட எனக்கு வரவில்லை. மறுநாள் போய்ப் படித்தேன். குறியைத் தூக்கிவிட்டுக் கூட்டுவதும் ஓர் அளவுதான். வர்க்கமாக்கினால் வெகுதூரம் விலகியவை கூடுதலாகக் கணக்கில் ஏறும், பின்னால் வரும் கணிதமும் எளிதாகும். அப்பாவிடம் சொன்னேன். "சரி, அப்ப ரொம்ப லேட்டா வர்ற பஸ்ஸுக்குத் தண்டனை அதிகம்" என்றார். இரண்டாமாண்டில் எந்த விரிவுரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்கள், விடுதியில் வேறு துறையில் படிக்கும் தமிழ் நண்பரைப் பிடியுங்கள். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் உட்கார்ந்து கேட்பார்.

எங்கே, எப்போது

வேலைப்பயிற்சியில் இருப்பவர்களுக்கு வார நாள்கள் போய்விடும். அவர்கள் ரயிலில் கேள்வி அட்டைகளைப் புரட்டலாம், சனிக்கிழமை காலை ஒரு வெற்றுத் தாள் எழுதலாம். அது போதும். ஜூனில் பள்ளி விடுமுறை என்பதால் வட்டார நூலகங்களில் இருக்கை கிடைப்பது திண்டாட்டம், திறக்கும் நேரத்துக்கே போங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஏழாம் மாடியிலிருந்து மேலே லீ கொங் சியான் ஆய்வு நூலகம் இருக்கிறது, எனக்கு அங்கே மனம் ஒன்றும். உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் போட்டு இடம் பிடிப்பது போல நூலக மேசையில் புத்தகத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மற்றவர்கள் மனத்துக்குள் வைவார்கள்.

செயலிகள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எது வேண்டுமானாலும் சரி. தாளும் பேனாவும் எனக்குப் போதுமாக இருந்தன.

மதிப்பெண் மோசமாக வந்திருந்தால்

முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு அழலாம். தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் பொதுவாக 160 யூனிட். முதலாண்டில் 40 யூனிட் எடுத்து 5க்கு 3.2 சராசரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 120 யூனிட்டில் 4.1 எடுத்தால் மொத்தம் 3.88 அளவில் நிற்கும். 4.3 எடுத்தால் 4.0ஐத் தாண்டும். எல்லாமே முடிந்துவிட்டது என்பதும் பொய், முதலாண்டு கணக்கில் சேராது என்பதும் பொய். மதிப்பெண் சேராத தேர்ச்சி என்று நீங்கள் மாற்றிக்கொண்ட பாடங்கள் இந்தக் கணக்கில் வராது, அவற்றைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

இந்தக் கணக்கை எழுதி வீட்டில் காட்டுங்கள். எதிர் வீட்டுப் பிள்ளை என்ன வாங்கியது என்ற பேச்சு அதனால் நின்றுவிடாது, ஆனால் சுருங்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம்

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். என் ஓட்டை எந்த வாரத்தில் விழும், என் கூடை எது, விடுமுறையில் பழகியது எது. அதற்குக் கீழே மூன்று தேதிகள். மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை, இடைவேளை வாரத்துத் திங்கள்கிழமை, பத்தாம் வாரத்து வெள்ளிக்கிழமை. கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். இடைவேளை வாரத்தில் எந்த இரண்டு நாளைக் குழுத் திட்டப்பணிக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே குழுவினரிடம் சொல்லிவிடுங்கள். இடைவேளை வந்தபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை மே மாதத்துக் குரல்பதிவைப் போட்டுக் கேளுங்கள். பிறகு ஒரு வெற்றுத் தாளை எடுத்து அந்த மூன்று வாரத்தில் நடந்த பாடத்தை எழுதிப் பாருங்கள். கேள்விக்குறிகள் விழும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போங்கள். அந்த வாரத்தில் அறை வாசலில் வரிசை இருக்காது.